நீச்சல், சைக்கிள், ஓட்டம், நாத்தனார்

சூடான தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்துத் தலைக்கு மேலே இருக்கும் தாங்கியில் ஏற்றுவதுதான் பேக்கரியில் அவளுடைய வேலையில் பாதி. மீதிப் பாதி மாவு. கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், நாற்பத்துநாலு வயதாகியும் அதே மேசை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். வேலை விடியுமுன் தொடங்கிவிடும். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளுக்கு அன்றைய பாடு முடிந்துவிடும். ஒருநாள் தட்டைத் தூக்கப் போனவளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. அன்றைக்குச் சமாளித்தாள். மறுநாளும் சமாளித்தாள். தலை வாரிவிடப் புருஷனைக் கூப்பிட வேண்டி வந்தபோதுதான் மருத்துவமனைக்குப் போனாள்.

தோளைத் திருப்பிப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், "தண்ணியில இறங்கிக் கையை அசைக்கிறது நல்லது. நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

"குளிக்கத் தெரியும்" என்றாள் அவள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நகராட்சி நீச்சல் குளத்தில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவள் அவளுடைய சொந்த நாத்தனார். யாராவது மூழ்கினால் குதித்துத் தூக்குகிற வேலை. விவாகரத்து ஆனதிலிருந்து நாத்தனார் அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். அதுவரை தையல் மிஷின் இருந்த அறை அது. மிஷின் கூடத்துக்கு வந்தது. அதற்கு இடம் கொடுக்கச் சோபா நகர்ந்தது. சோபா நகர்ந்ததில் டிவி பார்க்கிறவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. இரண்டு பெண்களும் ஒரே சமையலறையில் ஒருவர் வெளியே வந்த பிறகு மற்றவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். புருஷன் அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர். நடுவில் மாட்டிக்கொண்டவர் என்பதால், எதையும் காதில் வாங்காமல் இருக்க நன்றாகவே பழகியிருந்தார்.

சில நாள் யோசித்துவிட்டு அவளே போய்க் கேட்டாள்.

"எனக்கு நீச்சல் சொல்லித் தர முடியுமா?"

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் குளம் காலியாத்தான் கிடக்கும். வாங்க அண்ணி" என்றாள்.

குளத்தில் நாத்தனார் வேறு ஆளாக இருந்தாள். வீட்டில் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவள், அங்கே கழுத்தில் விசிலோடு கரையில் நடந்துகொண்டே அதட்டினாள்.

"தலையை உள்ள விடுங்க அண்ணி."

"விட்டுட்டுத்தானே இருக்கேன்."

"நெத்தி மட்டும்தான் நனைஞ்சிருக்கு."

முதல் மாதம் அவள் சுவரை விடவில்லை. இரண்டாம் மாதம் சுவரை விட்டாள், ஆனால் நாத்தனாரின் கையை விடவில்லை. பிறகு ஒருநாள், கை பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டே பாதிக் குளம் வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் பின்னால் தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் மிச்சக் குளத்தையும் கடந்துவிட்டாள். தோள் மெல்ல மெல்லத் தளர்ந்தது. தலையைத் தானே வாரிக்கொள்ள முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் பேக்கரிக்கு ஒரு பெரிய பன் ஆர்டர் வந்தது. ஏரியில் டிரையத்லான் போட்டி நடத்துகிறார்கள், ஓடி முடிப்பவர்களுக்குத் தின்னக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கடைக் கண்ணாடியில் ஒட்ட ஒரு போஸ்டரும் வந்தது. ஒட்டியவள் அவள்தான். ஒட்டும்போது படித்தாள். புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு: ஏரியில் நானூறு மீட்டர் நீச்சல், அதே ஈரத்தோடு ஏறிப் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி மூன்று கிலோமீட்டர் ஓட்டம்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "இதுக்கெல்லாம் யாரு போவாங்க?"

"போறவங்க போவாங்க" என்றாள் நாத்தனார், தட்டைக் கழுவியபடி.

நாத்தனார் அதைச் சாதாரணமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அது, உன்னால் முடியாது என்று காதில் விழுந்தது. மறுநாளே பெயர் கொடுத்துவிட்டாள்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்குத்தான் ஆர்டரே. பன் யாரு போடுவா?"

"முந்தின நாளே மாவைப் பிசைஞ்சு வச்சுட்டுப் போறேன். சுட்டு எடுக்க மட்டும் ஆள் பாருங்க."

"இந்த வயசுல எதுக்கு உனக்கு இது?"

"பேரு கொடுத்தாச்சுங்க" என்றாள்.

சைக்கிள் அவளிடம் இல்லை. கடைக்கடையாக ரொட்டி போடும் டெலிவரிக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். பின்னால் இரும்பு கேரியர் வைத்த கனமான வண்டி. கேரியரைக் கழற்றப் பார்த்தார்கள். துருப்பிடித்த திருகு அசைந்து கொடுக்கவில்லை. "விடுங்கக்கா, இதுவும் கூட வரட்டும்" என்றார் டெலிவரிக்காரர். வேலை முடிந்த மத்தியானங்களில் குளம் பாதி நாள், இந்த வண்டி பாதி நாள் என்று அவள் பழகினாள். ஓட்டத்தைப் பழக நேரமில்லை. பேருந்தைப் பிடிக்க ஓடுவதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

போட்டியன்று ஏரிக்கரையில் பலவகை உடம்புகள் நின்றன. அவள் முழங்கால்வரை மூடிய நீச்சலுடையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். நாத்தனாருக்கு அன்று காவல் வேலை அங்கேதான். சின்ன மீட்புப் படகு ஒன்றில் துடுப்போடு ஏரி நடுவில் இருந்தாள். புருஷன் பிளாஸ்கில் டீயோடு எங்கேயோ கூட்டத்தில் இருந்தார்.

ஊதல் ஒலித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் பாய்ந்தார்கள். குளத்தில் அவளுக்கு அடியில் எப்போதும் நீலத் தரை தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. யாருடைய காலோ அவள் நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிட்டது. சரிசெய்வதற்குள் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது. அதற்குப் பிறகு மூச்சு மேலேயே நின்றுகொண்டது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை. கற்றுக்கொண்டது அத்தனையும் மறந்துபோய்க் கையைக் காலை அடித்தாள். கூட்டம் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது.

படகு பக்கத்தில் வந்தது. அவள் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், படகு நகரக் கூடாது; அதுதான் விதி.

"வெளிய வரீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"மூச்சு வரலை."

"வரட்டும். யாரும் துரத்தலை."

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. பல் கிடுகிடுத்தது. நாத்தனார் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கரையைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி சமையல் ரூம் குழாயைச் சரியா மூடலையே. சொட்டிக்கிட்டே இருந்துச்சு. எனக்குத் தூக்கமே இல்லை."

"நான் மூடினேனே."

"சொட்டுச்சு."

"மூடிட்டுத்தான் படுத்தேன். உங்கண்ணன் தண்ணி குடிக்க எழுந்திருப்பாரு. அவரு எதை மூடியிருக்காரு இதுவரைக்கும்?"

"வாரத்துல மூணு நாள் இப்படித்தான்."

"அப்படின்னா எழுந்து வந்து மூட வேண்டியதுதானே. உனக்கும் கை இருக்கில்ல?"

"உங்க சமையல் ரூம்."

"எங்க சமையல் ரூமா? நீ என்ன விருந்தாளியா? உனக்காக மிஷினைத் தூக்கிக் கூடத்துல போட்டேன், அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"நீங்களும்தான் சொல்லலை. நான் வந்த அன்னைக்கே மிஷின் வெளிய இருந்துச்சு. நான் என்னன்னு கேக்கறது?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான், தான் இத்தனை பேசியதையும் மூச்சு வாங்காமல் பேசியதையும் கவனித்தாள். பல் கிடுகிடுப்பதும் நின்றிருந்தது.

நாத்தனார் வேண்டுமென்றே பேச்சில் இழுத்தாளா, அல்லது உண்மையிலேயே குழாய்க் கோபமா என்பதை அவள் பின்னால் கேட்டதில்லை. நாத்தனாரும் சொன்னதில்லை.

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் படகின் விளிம்பை விட்டாள். மிதவைக்கு மிதவை, தலையை வெளியே வைத்துக்கொண்டே நீந்திக் கரை சேர்ந்தாள். பார்க்க அழகாக இருந்திருக்காது.

ஈர உடம்பில் சட்டை பாதியில் ஒட்டிக்கொண்டது. சைக்கிளைத் தொட்டவளை ஒரு நடுவர் தடுத்தார். ஹெல்மெட்டை மாட்டிய பிறகுதான் வண்டியைத் தொட வேண்டுமாம். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தாள். நடுவர் கேரியரைப் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

"கழற்ற வரலைங்க."

பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சாலையில் அவளைத் தாண்டிப் போனவர்களின் சைக்கிள்கள் காற்றைப் போலச் சத்தமில்லாமல் போயின. அவளுடையது ஒவ்வொரு மேட்டிலும் முனகியது. பாதி வழியில் செயின் கழன்றது. அதை மாட்டுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. விரல்களில் ஒட்டிய கருப்புக் கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

ஓட இறங்கியபோது கால்கள் யாருடையவையோ போல இருந்தன. கொஞ்சம் ஓடினாள், கொஞ்சம் நடந்தாள். ஒரு திருப்பத்தில் புருஷன் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்கோடு செருப்புச் சத்தம் டப்டப்பென்று கேட்கக் கூடவே ஓடி வந்தார்.

"டீ குடிக்கிறியா?"

வழி காட்டிக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் கை நீட்டினார். "வெளியாள் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது சார். அவங்களைத் தகுதிநீக்கம் பண்ணிடுவாங்க."

"நான் வெளியாள் இல்லீங்க, புருஷன்."

"புருஷனும் வெளியாள்தான் சார்."

அவர் நடைபாதையில் ஏறிக்கொண்டு, அவளைத் தெரியாத மனிதர் போல முகத்தை வேறு பக்கம் வைத்தபடி, அவள் வேகத்துக்கே நடந்துவந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது.

முடிவுக் கோட்டை அவள் கடந்தபோது அங்கே கட்டியிருந்த அலங்கார வளைவைப் பிரிக்க ஏணி வந்துவிட்டிருந்தது. அவளுக்குப் பின்னால் யாருமில்லை. பதக்கம் போடுகிறவரைத் தேடிக் கூட்டிவந்தார்கள். அவர் போட்டுவிட்டு, "முதல் தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. எங்கேயாவது உட்கார வேண்டும் என்று மட்டும் இருந்தது.

அன்று மாலை, மிதவைகளையெல்லாம் அள்ளிக் கட்டிவிட்டு நாத்தனார் வெயிலில் கருத்துப்போய் வீட்டுக்கு வந்தாள்.

"முடிச்சீங்களா?"

"முடிச்சேன். கடைசி."

"சரி" என்றாள் நாத்தனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகச் சோபாவைத் தூக்கி வேறு சுவரோரம் போட்டார்கள். மிஷின் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனது. அதன் பிறகும் இரண்டு பெண்களும் கூடிக் குலாவினார்கள் என்று சொல்ல முடியாது. குறை இருந்தால் வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான். வீட்டில் சத்தம் கொஞ்சம் கூடியது. புருஷன் அச்சகத்திலிருந்து சற்றுத் தாமதமாக வர ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் அவள் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், ஒருதரம் பார்த்தாச்சு என்றாள். குளத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஒரு மத்தியானம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி படிக்கட்டில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இவள் கரையேறியதும் கேட்டாள்:

"ரொம்பக் கஷ்டமாக்கா?"

இவள் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"காதுல தண்ணி போகும்" என்றாள். "அதுக்கு மட்டும் பழகிக்கணும்."