சுருளிப்பட்டியில் எனக்காக இறைத்து வைத்த கல்குழி

திராட்சைத் தோட்டம், சுருளி அருவி என்று எல்லாரும் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். நான் போனது ஒரு குழியைப் பார்க்க. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எங்கே, எப்படி வெட்டுவது, வெட்டி முடித்த நிலத்தை எப்படிச் சரிசெய்து திருப்பிக் கொடுப்பது என்று திட்டம் போடுவது என் பிழைப்பு. சுருளிப்பட்டிக்கு அப்பால் ஒரு சின்னக் குழியில் கல் தீர்ந்துவிட்டது. கோடையிலும் தண்ணீர் நின்றால் அதைக் குளமாக விட்டுவிடலாம், நிற்காவிட்டால் கழிவுக்கல்லைக் கொட்டி மூட வேண்டும். அதை நேரில் பார்த்து எழுதத்தான் இந்தச் சித்திரையில் கிளம்பினேன்.

தேனியிலிருந்து கம்பம் சுமார் நாற்பது கிலோமீட்டர். காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினால் எட்டு மணிவாக்கில் இறங்கிவிடலாம். வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் வறுத்துவிடும். கம்பத்தில் ஆட்டோ பேசினேன், காத்திருப்பதற்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்.

"கல்குழிக்கா மேடம்? அங்கன என்ன இருக்கு? பேசாம அருவிக்குப் போவோம்" என்றார் ஓட்டுநர் முருகேசன். குழியைப் பார்த்தால்தான் எனக்குச் சம்பளம் என்றேன். வழியெல்லாம் கண்ணாடியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

குழியை ஒட்டிய கீழ்ச்சரிவில் செல்வராணி அக்காவின் பன்னீர் திராட்சைப் பந்தல். அவருடைய கிணறு வற்றி வருஷக்கணக்காகிறது. குழித் தண்ணீரை மோட்டார் வைத்து எடுத்துத்தான் கொடியெல்லாம் உயிரோடு இருக்கிறது. குழியை மூடினால் பந்தலையும் பிரிக்க வேண்டியதுதான். போனில் அவர் இதைச் சொன்னபோது, குழியைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். தண்ணீர் நிற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேதான் நானும் போனேன்.

எட்டிப் பார்த்தால் குழியில் தண்ணீரே இல்லை. அடிப்பாறை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"என்னக்கா இது? தண்ணி எங்க?"

"எறச்சுப்புட்டோம்ல!" அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "குழியப் பாக்க வாரேன்னு போன்ல சொன்னீகள்ல. தண்ணி கெடந்தா பாறைய எப்படிப் பாப்பீக? பக்கத்துத் தோட்டத்து மோட்டாரையும் கேட்டு வாங்கி, ரெண்டு நாளா ஓட விட்டோம்."

கிணற்றோடு நிலம் வாங்க ஆள் வந்தால், கிணற்றை இறைத்துக் காட்டுவது அங்கே மரியாதையாம். குறை எதையும் மறைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த மரியாதையை எனக்கும் செய்திருக்கிறார்கள்! "அட கடவுளே, தண்ணி நிக்குதான்னு பார்க்கத்தானே வந்தேன்! இப்ப நான் என்னத்த எழுதுறது?" என்று கத்தியேவிட்டேன். அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தல்காலில் சாய்ந்துவிட்டார். ஏன்தான் கத்தினோமோ என்று எனக்கும் சங்கடமாகிவிட்டது.

கொஞ்சம் ஆறியதும் ஒன்று தோன்றியது. "கிணறு பார்க்க வர்றவங்க, இறைச்சதும் போயிருவாங்களாக்கா?"

"போவாகளா? ஊத்து எப்படி வருதுன்னு பாத்துட்டுத்தான வெல பேசுவாக."

அப்படியானால் நானும் பார்க்கலாமே! தேங்கிய மழைத்தண்ணீர் என்றால் இறைத்த பிறகு வராது, ஊற்று என்றால் வரும். காசு செலவழித்து நாங்கள் செய்கிற சோதனையில் பாதியை இவர்களே முடித்து வைத்திருக்கிறார்கள். இறைத்த தண்ணீரும் கீழ்ச்சரிவுக்குத்தான் போயிருக்கிறது, திரும்பிக் குழிக்கு வர வழியில்லை. உள்ளே இறங்கி, பாறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். "நாளைக் காலைக்குள்ள தண்ணி இதைத் தொட்டுட்டா, மூட வேண்டாம்னு தைரியமா எழுதுவேன்க்கா."

மதியம் மொச்சைக் குழம்பும் சோறும் போட்டார். அவர்தான் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை, குழிக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் கம்பத்துக்குத் திரும்பித் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தேன். சுமாரான அறை, மின்விசிறி மட்டும் நன்றாகச் சுற்றும்.

மறுநாள் நான் கூப்பிடாமலேயே முருகேசன் லாட்ஜ் வாசலில் நின்றார். போய்ச் சேர்ந்ததும் எனக்கு முன்னால் ஓடி எட்டிப் பார்த்தவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "மேடம்! கோட்டக் காணோம்!"

"ஏலே, சத்தியமாவா?" என்று அக்கா ஓடி வந்தார். தெளிந்த தண்ணீருக்கு அடியில், ஒரு சாண் ஆழத்தில் என் சிவப்புக் கோடு தெரிந்தது. "முங்கிப் போச்சு தாயி, முங்கிப் போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, வெயிலைச் சாக்குச் சொல்லிக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

ஆழமான மேற்குப் பக்கத்தைக் குளமாக விடச் சொல்லி எழுதினேன். கிழக்கே கழிவுக்கல்லைக் கொட்டி, ஆடு இறங்கித் தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சாய்வாக்கி, முதலிலேயே தனியாகக் குவித்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, புங்கன் நட வேண்டும். ஆலையும் ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. போன வாரம் அக்கா கூப்பிட்டு, கொடியில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் அவசியம். குழி விளிம்பில் நிற்காதீர்கள், உள்ளூர் ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். ஒரு நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். இறைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.