செங்கோடன் இடித்த மருந்து

வெண்ணந்தூரைச் சுற்றியிருந்த கிணறுகளில் பாதி, செங்கோடன் வேட்டு வைத்துப் பிளந்தவை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் வீட்டிலேயே இடித்து வெடிமருந்து சேர்ப்பார். "திப்பு காலத்துல சங்ககிரிக் கோட்டைக்கு எங்க முப்பாட்டந்தான் மருந்து இடிச்சாரு" என்று பெருமையடிப்பார். பின்னால் வெள்ளைக்காரன் வந்ததும், மருந்து இடிக்க லைசென்சு வேண்டுமென்று சட்டம் போட்டதும் அந்தப் பெருமைக்குள் வராது.

மேட்டூர் அணை வேலை முடிந்த வருஷம் சின்னப்பராஜ் வந்து சேர்ந்தான். அணையில் பாறை உடைத்தவன். கையில் லைசென்சு இருந்தது. சேலத்தில் கம்பெனி மருந்து வாங்கி வருவான். வேட்டுக்கு முன்னால் விசில் ஊதி, சிவப்புத் துணியை ஆட்டி ஆட்களைத் தூர விரட்டுவான். "விசிலுக்குப் பயந்தா பாறை பொளக்குது?" என்று செங்கோடன் சிரித்தார். ஊர் சிரிக்கவில்லை.

குமாரசாமிக் கவுண்டர் தோட்டத்துக் கிணற்றில் செங்கோடனின் வேட்டு இரண்டு தடவை புகைந்து அடங்கியது. கவுண்டர் சின்னப்பராஜைக் கூப்பிட்டார். வேலி ஓரம் நின்று, இவனுக்கும் புகையட்டும் என்று செங்கோடன் வேண்டிக்கொண்டார். பாறை பூசணிக்காய் மாதிரி விண்டது. ஊற்று பொங்கியது. கவுண்டர் தன் தோளில் கிடந்த துண்டையே எடுத்துச் சின்னப்பராஜுக்குப் போர்த்தினார்.

அன்றைக்குச் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மணியக்காரரிடம் போய், சின்னப்பராஜ் சட்டத்தை மீறி வீட்டுக்குள்ளேயே மருந்து வைத்திருக்கிறான் என்று பொய்யாகக் கோள் சொன்னார். மணியக்காரர் தேடிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினார். யார் வேலை இது என்று சின்னப்பராஜுக்குத் தெரியாமலில்லை. அவன் கேட்கவும் இல்லை. அதுவும் செங்கோடனுக்குப் பொறுக்கவில்லை.

அவனுடையதைவிடப் பலமான மருந்தைச் சேர்த்துக் காட்டுகிறேன் என்று உச்சி வெயில் நேரத்தில் வீட்டுக்குள் இடிக்க உட்கார்ந்தார். மனைவி கந்தம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"ஏனுங்க, இத்தன வேகமா இடிக்காதீங்க. கோவத்தோட தொடற சாமானுங்களா அது?"

"நீ தண்ணிக்குப் போ."

அவள் கிணற்றடியில் இருந்தபோது சத்தம் கேட்டது. திரும்பி ஓடி வந்தால் வீட்டுக் கூரை இல்லை. செங்கோடனின் வலக்கையில் மூன்று விரல்கள் இல்லை. ஒரு கண் போயிருந்தது. வண்டி பூட்டி அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் சின்னப்பராஜ்.

கட்டிலருகே போலீஸ்காரர் வந்து நின்றார். லைசென்சுக்காரன் ஒருவன் கூடவே இருப்பதைக் கண்டதும் அவருக்கு ஒரு கணக்கு ஓடியது.

"இவன் திருட்டுத்தனமா வித்த மருந்துதானே? ஆமான்னு சொல்லு, உன்னை விட்டுடறேன்."

சின்னப்பராஜின் முகம் வெளுத்தது. ஒரு 'ஆமாங்க' போதும். லைசென்சும் போகும், ஆளும் போவான். கந்தம்மாள் புருஷனையே பார்த்தாள். செங்கோடனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தான் இடித்த மருந்துக்கு இவன் பேரா?

"இவன் மருந்துங்களா?" எழ முயன்றார். "கூரையத் தூக்கி அடுத்த காட்டுல போட்டுதுங்க! இவன் கம்பெனிச் சரக்குக்கு அந்தப் பலம் ஏதுங்க? நானே இடிச்சதுங்க!"

நாலு மாசம் உள்ளே இருந்தார். வெளியே வந்த அன்று சின்னப்பராஜ் வாசலில் நின்று, "அண்ணா, என்னைக் காப்பாத்திட்டீங்க" என்றான்.

"உனக்காகச் சொல்லல. போ."

அவன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். அது உண்மை என்று கந்தம்மாளுக்கு மட்டும் தெரியும். நினைத்துச் சிரிப்பாள், சில நாள் அழுவாள்.

பிறகு அவர் ஆடு வாங்கி விற்றுப் பிழைத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் கம்பெனி மருந்து கிடைக்காமல் சின்னப்பராஜ் சும்மா உட்கார்ந்திருந்தான். பாதியில் நின்ற கிணற்றுக்காரர்கள் செங்கோடனைத் தேடி வந்தார்கள்.

"கொஞ்சம் இடிச்சுக் குடுங்க. உங்க மருந்துக்கு ஈடு ஏதுங்க?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! நெஞ்சு நிமிர்ந்தது. சின்னப்பராஜ் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வாய் திறக்கப் போனவர், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த கந்தம்மாளின் கை அப்படியே நின்றதைக் கண்டார்.

"இன்னொரு தடவ அவன் வண்டியில ஏற என்னால ஆவாதுங்க" என்று சொல்லி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.