மூன்றாவது போத்தல்

என் மகளின் பட்டப்படிப்பைக் கெடுத்தவன் நான்தான்.

வளாகத்தின் மேல் பழி போட்டேன். அவளுடைய விரிவுரையாளர் மேல் போட்டேன். கிரகம் சரியில்லை என்றுகூடச் சொன்னேன்... எல்லாம் பொய்! கெடுத்தவன் பெற்ற தகப்பன்.

பிள்ளைகளே, மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுகந்தி அக்காவை உங்களுக்குத் தெரியும். "கெம்பஸைப் பாதியில விட்டுட்டு வந்தவ" என்று பெரியவர்கள் பேசுவதையும் கேட்டிருப்பீர்கள். அவள் ஏன் வந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது! நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

சுகந்தி படித்தது சுற்றாடல் விஞ்ஞானம். கடைசி வருடத்தில் ஆளுக்கோர் ஆய்வு செய்ய வேண்டும். அவள் நம் ஓடையை எடுத்துக்கொண்டாள். வாரந்தோறும் மூன்று இடங்களில் தண்ணீர் பிடித்துச் சோதிக்க வேண்டும். முதலாவது, ஓடை தொடங்கும் மேட்டில். இரண்டாவது, கடைகளின் சாக்கடைக் கான் வந்து விழும் இடத்துக்குக் கீழே. மூன்றாவது, நம் வீடுகளின் கான்களும் கக்கூஸ் குழாய்களும் சேர்ந்த பிறகு, சேம்பங்காட்டைத் தாண்டி.

அவள் வளாக விடுதியில் தங்கியிருந்தாள்; காலையில் விரிவுரை. நானோ மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளி. விடியும்போதே அந்தப் பக்கம்தான் வேலை.

"அப்பா, நீங்களே புடிச்சுக் குடுத்துருங்களேன்" என்றாள்.

எப்படிப் பிடிப்பது என்று வாசலில் வாளித் தண்ணீரை வைத்துக் காட்டிக் கொடுத்தாள். "தண்ணி வர்ற பக்கம் பார்த்து நில்லுங்க. மூடிக்கு உள்ள வெரல் படக்கூடாது. வெளங்குதா புரொபசர்?"

புரொபசர்! கான் வாரும் என்னை அப்படிக் கூப்பிட்டாள். அந்தக் கேலிக்காகவே நான் எந்த ஓடையிலும் இறங்கியிருப்பேன்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். இதை நம்புங்கள்... போத்தல்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், வளாக வாசலில் அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவேன்.

ஒருநாள் மூன்றாவது போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை. பெட்டியைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று வந்தது. அவளுடைய கூட்டாளிப் பையன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சுகந்தி, இதுதான் ஒங்க ஏரியா சென்ட்டா?" என்றான்.

"ஆமாடா. ஒனக்கும் ஒரு போத்தல் தரவா?" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனிடம் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. என்னைப் பார்த்து, "டீ குடிப்போம் வாங்க அங்கிள்" என்றுகூடக் கூப்பிட்டான்.

ஆனால் நான்...

பள்ளிக்கூடத்தில் என்னைச் சன்னலோரம் தனியாக உட்கார வைத்தார்கள். "காத்து வெளியில போகட்டும்" என்று வாத்தியார் சொன்னது காதில் அப்படியே கேட்டது. எங்கள் தகப்பன்மார் வாரிய அசிங்கத்தை, இப்போது என் மகள் கையில் கொடுத்து, படித்தவர்கள் மேசைக்கு நானே அனுப்பிக்கொண்டிருக்கிறேனே என்று நெஞ்சு கூசியது.

அடுத்த வாரம் மேட்டிலும் கடைப் பக்கத்திலும் வழக்கம்போலப் பிடித்தேன். மூன்றாவது போத்தலுடன் சேம்பங்காட்டுக்கு இறங்கவில்லை. நாம் குளிக்கிற பீலியில் விழும் சுத்தமான ஊற்றுத் தண்ணீரை நிரப்பினேன். நிறம் தெரிவதற்கு ஓடைத் தண்ணீர் கொஞ்சம் கலந்தேன்.

ஏமாற்றுகிறோம் என்றே தோன்றவில்லை. விருந்தாளிக்குக் கொடுக்குமுன் தம்ளரைக் கழுவுவதில்லையா? அதைப்போலத்தான் நினைத்தேன். கடைக்காரர்களின் அழுக்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நம் வீட்டு அழுக்கு மட்டும் அங்கே போகக்கூடாது! அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதையே செய்தேன்.

சில மாதங்களில் சுகந்தி துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா! கடைக்கிட்ட அழுக்கா இருக்கிற தண்ணி, நம்ம வீடுகளைத் தாண்டினதும் சுத்தமாயிருது. ஏன் தெரியுமா? சேம்பு! நம்ம சேம்பங்காடுதான் வடிகட்டுது! மொத சில வாரம் மட்டும்தான் மோசமா இருந்துச்சு, அப்போ சேம்பு தழைக்கல. எல்லாரும் நம்மளைத்தானே அசிங்கம்னு சொல்றாங்க? இனிமே சொல்லட்டும் பார்ப்போம்!"

அந்த நிமிடம் வாயைத் திறந்திருந்தால் போதும். சில மாத வேலைதான் வீணாகியிருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்... அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனமா, துணிவா? துணிவுதான் வரவில்லை.

முழு ஆய்வையும் அவள் அந்தச் சேம்பின் மேல் கட்டினாள். வேரைப் பிடுங்கி அளந்தாள், இலையைப் படம் பிடித்தாள். அவளுடைய விரிவுரையாளருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருநாள் அவரே நேரில் வந்து சேம்பங்காட்டுக்குக் கீழே தண்ணீர் பிடித்தார். முடிவை நம்பாமல் மறுபடியும் வந்து பிடித்தார். இரண்டு தடவையும் கடைப் பக்கத்தைவிட மோசமாக இருந்தது.

சுகந்தி சாப்பிடாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"எண்களை நீயே எழுதினியான்னு கேக்கிறாங்கப்பா. தண்ணி புடிச்சது எங்கப்பா, அவர் பிழையா புடிக்க மாட்டாருன்னு சொல்லிட்டேன். நீங்க நான் காட்டின எடத்துலதானே புடிச்சீங்க?"

"ஆமாம்மா. நீ காட்டின எடத்துலதான்."

இதுதான், பிள்ளைகளே. பீலியில் நிரப்பியதை அறியாமை என்று தள்ளிவிடலாம். இதை என்னவென்று சொல்வீர்கள்? அவள் நேராகக் கேட்டாள். நான் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்!

"அப்போ நான்தான் லேப்ல எங்கயோ பிழை விட்டிருக்கேன்" என்றாள்.

ஆய்வை நிராகரித்தார்கள். முதலிலிருந்து செய்துகொண்டு வரச் சொன்னார்கள். போனாள். ஆனால் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சோதித்தாளாம். எந்த முடிவு வந்தாலும் நம்பமாட்டாளாம். ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைத்துவிட்டதாகக் கூட்டாளிப் பிள்ளை சொன்னாள். பிறகு ஒருநாள் பையோடு வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை.

இப்போது பிலிமத்தலாவையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அங்கேயும், துணியை அளந்த பிறகு வெட்டுமுன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒருதரம் பார்க்கச் சொல்கிறாளாம். கடை முதலாளி என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்... சிரிக்காமல் என்ன செய்வது?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தரம் அவள் முன்னால் போய் நின்றிருக்கிறேன்! சொன்னால் அவளுக்குத் தன் மேல் நம்பிக்கை திரும்பலாம். ஆனால் தகப்பன் இல்லாமல் போய்விடுவான். இந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் நான் என் பக்கமே சாய்கிறேன். அவளுக்காக மறைக்கிறேன் என்று சொல்வதெல்லாம் வேஷம்.

நேற்று உங்களில் ஒருத்தி விஞ்ஞானக் கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, இந்தச் செய்முறையைக் கொஞ்சம் காட்டித் தாங்களேன்" என்று கேட்டாள். யாரென்று உனக்குத் தெரியும்.

சுகந்தி கொப்பியைத் தொடவில்லை.

"என்கிட்ட கேக்காத தங்கச்சி. நான் செஞ்சா பிழையாத்தான் வரும். ஒனக்கும் பிழையா சொல்லிக் குடுத்துருவேன்."

நீ என்னைப் பார்த்தாய். நான் எதிரே கதிரையில்தான் இருந்தேன். ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாய். நான் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.