வானத்துக்கு அடித்த ஃபிளாஷ்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன தம்பி, முதல் விடுமுறை முடிந்து கிளம்பும்போது நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வைத்து, "அடுத்த தரம் வாரப்ப உனக்கு என்னக்கா கொண்டாரட்டும்?" என்று கேட்டான். கேமரா என்றேன். எதற்கு என்றான். "விசேஷத்துக்கு ஆகுமில்ல சாமி" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

எனக்கு வேண்டியிருந்தது ஓரியன் நெபுலாவின், அதாவது நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளிரும் ஒரு வாயு மேகத்தின், படம். எண்பதுகளின் தொடக்கம் அது. பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் அந்த நெபுலாவைப் பார்த்த நாள் முதலாகப் பித்துப் பிடித்திருந்தது. அதை எடுக்க எந்த மாதிரிக் கேமரா வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். 'பி' என்று ஒரு எழுத்து இருக்க வேண்டும்; அதில் வைத்தால் நாம் பொத்தானை விடும்வரை ஷட்டர் திறந்தே கிடந்து மங்கல் வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளும். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் வேலை செய்ய வேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் படத்தில் கோடாக இழுத்துக்கொள்ளுமே, அதற்கும் வழி செய்திருந்தேன். இரண்டு பலகையைக் கீல் வைத்துச் சேர்த்து, மெல்லத் திருகினால் கேமராவும் வானத்தோடு கூடவே திரும்பும்படி, லாரி பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினேன். அங்கேயும் பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் சொன்னேன். மாமியார் அதை ஏதோ முறுக்குப் பிழிகிற சாமான் என்று எண்ணிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். நானும் ஆமாம் போட்டுவிட்டேன்.

ஏன் இப்படி? வெட்கம்தான், வேறென்ன. கல்யாணமானவள் வீட்டுக்கு ஆகிற பொருளைக் கேட்டால் மரியாதை. வானத்தைப் படம் பிடிக்கப்போகிறேன் என்றால் ஊரே சிரிக்கும். தம்பியும் சிரிப்பான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த விடுமுறைக்குத் தை மாதத்தில் வந்தான். பெட்டியிலிருந்து கைக்கடக்கமாகப் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினான். "நீ ஒண்ணுமே பண்ண வேண்டாங்க்கா. எல்லாம் அதுவே பாத்துக்கும். இருட்டா இருந்தா லைட்டும் அதுவே அடிச்சுக்கும்." மாமியார் வாயெல்லாம் பல்லாக, "இனி சீருக்கெல்லாம் போட்டோக்காரனைத் தேட வேண்டியதில்லீங்" என்றார். நான் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'பி' இல்லை. லென்ஸ் கழலவில்லை. "நல்லா இருக்குது சாமி" என்றேன்.

ஆசை விட்டதா? அன்று சாயங்காலம் இருட்டியதும் பரண்மேல் இருந்த பலகையை ஒளித்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே அந்த மங்கலான புள்ளி தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன். பளீரென்று ஃபிளாஷ் அடித்தது. எதிர் மாடியில் காற்றாடச் சோறு தின்றுகொண்டிருந்த புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் கவளத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏனுங் டீச்சர், எங்களையா புடிச்சீங்க?" என்றது அந்த அம்மா.

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"திங்கறப்பவா புடிக்கறது? இருங்க, வாரோம்." பட்டுச் சேலை மாற்றி, பூ வைத்து, பிள்ளைகளையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். அந்த ஃபிலிம் முழுக்க அவர்கள்தான். கழுவி வந்தபோது முதல் படம் மட்டும் கரிய வெறுமையாக இருந்தது. ஸ்டூடியோக்காரர், "இது கெட்டுப்போச்சுங்க டீச்சர்" என்று தனியே எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

தம்பி கிளம்பும் நாளில் மறுபடி அதே பஸ் ஸ்டாண்ட். ஜன்னலோரம் உட்கார்ந்தவன், "அக்கா, மறைக்காம சொல்லு. கேமரா உனக்குப் புடிக்கல, அப்படித்தான?" என்றான். கைப்பையிலிருந்து அந்தக் கறுப்புப் படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "இது வானம் தம்பி. நட்சத்திரம் எடுக்கோணும்னுதான் கேட்டேன்."

அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கடைக்காரரு முதல்ல எடுத்து வெச்சது வேற. கறுப்பா, கனமா, எல்லாம் கையாலயே திருப்போணும். எங்கக்காவுக்கு இந்த இரும்பையா கொண்டு போறதுன்னு திருப்பிக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

"இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றான். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவனைப் போய் அப்படி எடை போட்டிருக்கிறேன். படம் எடுக்க முடியாமல் போனதுகூட அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதுதான் நெஞ்சைப் பிடுங்கியது.

கண்டக்டர் விசில் ஊதினார். தம்பி ஜன்னலில் எட்டி, "சொல்லுக்கா, எந்தக் கேமரா?" என்றான். சுற்றிலும் ஆள். நான் சொல்லச் சொல்ல, 'பி' எழுத்து, கழலும் லென்ஸ் என்று அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். பஸ் நகர்ந்தது. கூடவே நடந்தேன்.

"அதெல்லாம் பழசாத்தான் கிடைக்குங்க்கா, பரவால்லியா?"

"பழசே போதும் சாமி" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.