அக்காவுக்கு வந்த குடை

போன மாதம் திருப்பதியிலிருந்து ஒரு சபைக்காரர் பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டில் ஒரு குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புத் துணி, வளைந்த மூங்கில் பிடி, நுனியில் பித்தளைப் பூண். துணியை இடையில் மாற்றியிருக்கிறார்கள். பிடியும் பூணும் பழையவைதான், எனக்கு அடையாளம் தெரிந்தது. என் பெரியம்மா சாகிறதற்கு முன், "இத்த சித்தூர்ல இருக்கிற பெரிய பொண்ணுக்குக் குடுத்துடுங்க" என்று சொன்னாளாம். பெரிய பெண் என்றால் என் அக்கா. வந்தவர் குடையை இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார். நான் வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அடக்க ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், யார் யார் தேம்பி அழுதார்கள் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. செத்தவர்களை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்பது எனக்குத் தெரியும். இந்தக் குறிப்பில் நான் 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மதராஸ் மாகாணமாக இருந்த காலம் அது. சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குள் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவள், பிள்ளையில்லாத விதவை. திருப்பதியில் 'பைபிள் அம்மா'வாக இருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதும், மலையேற வந்திறங்கும் யாத்திரைக்காரர்களிடம் சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் நீட்டுவதும் அவள் உத்தியோகம். மலைக்குப் போகிறவன் எதற்கு அதை வாங்குவான்? நாளெல்லாம் வெயிலில் நின்று வாங்கிய அலட்சியத்தையெல்லாம் சேர்த்துவைத்து, மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவாள். அவள் வருகிறாள் என்றால் அம்மா முதல் நாளே பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிடுவாள். அந்த வீட்டில் அவளைக் கண்டு பயப்படாதவள் அக்கா ஒருத்திதான். பெரியம்மா உள்ளே வந்ததும் அக்கா குடையை எடுத்துக்கொள்வாள். விரிப்பாள், மடக்குவாள், விரிப்பாள், மடக்குவாள். விரல் கணுவில் இரண்டு அடி விழும்வரை அது நடக்கும்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவள் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுவாள். சோறு, மோர், இட்லி, தேங்காய்ப் பத்தை. ஒரு சொட்டுப் பருப்பு பட்டு ஓரம் மஞ்சளானால் தட்டு சுவரில் போய் விழும். கீரை, பழம் எதையும் வாயருகே கொண்டுபோக முடியாது. இரவில் மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். வலி அவள் முகத்தில் வராது. ஒருமுறை கடைவாய்ப்பல் சொத்தையாகித் தாடை வீங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பேச்சும் அப்படித்தான். நாம் சொல்வதில் கடைசிச் சொல்லை எடுத்துத் திருப்பித் தருவாள், கேள்வியின் இழுப்பை மட்டும் விட்டுவிட்டு. "சோறு வேணுமா, இட்லியா?" என்றால் "இட்லி" என்பாள். "இட்லியா, சோறா?" என்றால் "சோறு." இது தெரிந்ததால் வீட்டில் நாங்கள் அவளிடம் எதையும் கேட்பதில்லை. ஆனால் ஞானோபதேசம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், கேட்டுச் சிரித்துவிட்டு அவளையும் சபையார் ரொட்டி பகிர்ந்துகொள்ளும் ராப்போஜனப் பந்தியில் சேர்த்துக்கொண்டார். அதில் தரும் ரொட்டி ஓரம் வெட்டின வெள்ளைச் சதுரம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அக்கா முந்தின நாளே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் காம்பவுண்டின் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்டுக் கக்கூஸ் வரிசை கட்டினார்கள். அதுவரை பெண்கள் விடிவதற்குள் பின்னாலிருந்த கருவேலம் புதருக்குப் போய் வருவோம்; அக்காவுக்கு அங்கே அவளுக்கென்று ஒரு பாறை மறைவு இருந்தது. இப்போது அங்கே முள்வேலி வந்துவிட்டது. புது இடத்தில் பினாயில் நாற்றம், உள்ளே இருட்டு, காற்றடித்தால் தகரம் படபடக்கும். அக்கா வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாளே தவிர உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாள். தினமும் அவளைக் கூட்டிப் போவது என் வேலை. இரண்டு நாள் கெஞ்சினேன், மூன்றாம் நாள் கிள்ளினேன். பள்ளிக்கூட மணி அடித்துவிடும், நைனாவின் வகுப்பிலேயே நான் நேரம் கழித்துப் போய் நிற்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து சும்மா நிறுத்திவைத்துத் திரும்பக் கூட்டிவந்துவிடுவேன். "போனாளா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். "போனா" என்பேன். இதை நான் எழுதாமல் விட்டால் பெரியம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று வாரத்தில் அக்காவின் கை கால் குச்சியாகி வயிறு மட்டும் முன்னே வந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். கிணற்றுச் சுவரின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குப்புறச் சாய்ந்து கிடப்பாள். அதுதான் அவள் வலிக்கிறது என்று சொன்ன விதம், படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. பாவாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதைப் பார்த்து அம்மா பேதி என்று நினைத்தாள். வெள்ளையாக இருக்கும், குடிப்பாள் என்று ஜவ்வரிசிக் கஞ்சியாகவே ஊற்றினாள். உள்ளே கல்லாகக் கெட்டிப்பட்டுக் கிடந்ததைச் சுற்றி வழிந்ததுதான் அந்தக் கசிவு என்பதை, நர்ஸ் வேலைக்குப் போன பிறகுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். கிணற்றடியில் அக்காவைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "திரும்புடி" என்றாள். குடையின் பித்தளை நுனியை அக்காவின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். பழம் வாங்குகிறவள் விரலால் அமுக்கிப் பார்ப்பதுபோல அழுத்தினாள்.

"இது எத்தினி மாசம்?"

அம்மா ஓடிவந்தாள். "பேதிக்கா. பத்து நாளா கஞ்சிதான் குடுத்துக்கினு இருக்கேன்."

"பேதி போனா வயிறு உள்ள போகும். நான் எத்தினி வூட்ல பாத்துக்கினு வரவ, எனக்குச் சொல்றியா? காலைல வாந்தி எடுக்கறாளா இல்லியா?"

பெரியம்மா குடையை எடுக்காமலே அக்காவிடம் குனிந்தாள். "யாருன்னு சொல்லுடி. வாட்ச்மேனா, தோட்டக்காரனா?"

"தோட்டக்காரன்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். வரிசையை மாற்றிக் கேட்டிருந்தால் வாட்ச்மேன் போயிருப்பான். நான் சமையற்கட்டுக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு விஷயம் தெரியும். அக்கா கடைசிச் சொல்லைத்தான் சொல்வாள் என்பது ஒன்று. அவள் வெளிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது என்பது இன்னொன்று. முதல் விஷயம் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் தன் அக்காளான பெரியம்மா எதிரில் வாய் திறந்து அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டாவது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் என் பொய் வெளியே வரும். நான் சொல்லவில்லை.

தோட்டக்காரர் ஏர்பேட்டுக்காரர், தெலுங்கு பேசுகிறவர், ஐம்பது வயது இருக்கும். அவர் பாத்திக்குத் தண்ணீர் திருப்பும்போது அக்கா பக்கத்தில் நின்று வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பாள். அவர் அவளை விரட்டாமல் இருந்தார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான். சபை மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்தபோது, "நேனு காதய்யா, ஆ பில்ல நா கூதுரு லாண்டிதி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். நான் இல்லை, அந்தப் பெண் என் மகள் மாதிரி என்று அர்த்தம். நைனா அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு அவரே சொன்னார். மறுநாள் காலை தோட்டக்காரர் துணி மூட்டையோடு ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

ராப்போஜனத்துக்கு முந்தின நாள் ஆயத்தக் கூட்டம் நடக்கும். யார் யார் பந்தியிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்று அதில் பெயர் வாசிப்பார்கள். அக்காவின் பெயரை வாசித்தார்கள். மறுநாள் பெண்கள் பக்கம் பாயில் அக்கா எங்கள் நடுவில் தலை வாரி உட்கார்ந்திருந்தாள். விலக்கியது அவளுக்கு எப்படித் தெரியும்? ரொட்டித் தட்டு வரிசையாக வந்தது. அக்கா கையை நீட்டினாள். மூப்பர் தட்டை அவள் தலைக்கு மேலே தூக்கி அடுத்த ஆளிடம் நீட்டினார். அக்காவின் கண் தட்டோடு போயிற்று. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். பிறகு எழுந்து தட்டின் பின்னால் நடந்தாள். பெரியம்மா குடையின் வளைந்த பிடியை அவள் முழங்கையில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்து உட்காரவைத்தாள். அக்கா முன்பக்கமாகச் சரிந்து பாயிலேயே வாந்தி எடுத்தாள். பழுப்பாக வந்தது, மல நாற்றம் அடித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். முன்வரிசையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரைசானி மட்டும் எழுந்து நேராக எங்களிடம் வந்து, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "தூக்குங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் துரைசானி அக்காவின் வயிற்றைத் தட்டியும் அழுத்தியும் பார்த்தார். "பிள்ளை இல்லை. மலம்" என்றார், அவருடைய உடைந்த தமிழில். "எத்தனை நாள் ஆச்சு?" அம்மா என்னைப் பார்த்தாள். அப்போது சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, அடித்திருக்கலாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் குடல் கிழிந்து செத்திருப்பாள் என்று துரைசானி சொன்னார். நாலு நாள் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் ஏற்றி, நர்ஸுகள் கையால் எடுத்தார்கள். நான் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. ஞானோபதேசத்தை முதல் கேள்வியிலிருந்து கடைசிப் பதில்வரை சொன்னாள், முடிந்ததும் மறுபடி தொடங்கினாள்.

பெரியம்மா வார்டுக்கு வந்து மண்டிபோட்டாள். "கர்த்தர் நம்ம குடும்பத்த அவமானத்துலேர்ந்து தப்புவிச்சாரு" என்று எல்லாக் கட்டிலுக்கும் கேட்க ஜெபம் பண்ணினாள். அக்காவைப் பற்றி அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தை இல்லை. தோட்டக்காரரைப் பற்றி இல்லவே இல்லை. அடுத்த ராப்போஜனத்தில் அக்காவுக்கு ரொட்டி கொடுத்தார்கள். விலக்கியதைச் சபை நடுவில் உரக்க வாசித்தவர்கள், சேர்த்ததை வாயே திறக்காமல் முடித்துக்கொண்டார்கள். "ஏர்பேடு போயி அந்தாளுகிட்ட சொல்லிட்டு வரணும்" என்று நைனா ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை. பிற்பாடு நான் நெல்லூருக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் ரயில் ஏர்பேட்டில் நிற்கும். நானும் இறங்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஒரு சின்ன வயது லேடி டாக்டர், அக்காவைப் போன்றவர்களின் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் என்றார். வயிறு, தூக்கம், பல், வலிப்பு என்று உடம்புக் கோளாறுகளும் அவர்களில் பலருக்குக் கூட வரும், அவர்களால் சொல்ல முடியாது, நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று, ஊசி போடுவதற்கு முன் கையைத் துடைக்கச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பாவம், அந்த டாக்டர் பெண்மேல் என்ன தப்பு? இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடிய விஷயத்துக்காக ஒரு மனுஷன் மூட்டை கட்டிக்கொண்டு போனாரே என்றுதான் அந்தக் கோபம். இப்போது அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தினமும் காலையில் நான் அவளோடு போகிறேன், கதவுக்கு வெளியே நிற்கிறேன். எங்கள் கக்கூஸுக்கு ஜன்னல் உண்டு, தகரம் கிடையாது, பினாயிலும் ஊற்றுவதில்லை. என்னிடம் "போனாளா" என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

குடை வந்து மூன்றாம் நாள் அக்கா அதைக் கதவுக்குப் பின்னால் கண்டுபிடித்துவிட்டாள். பெரியம்மா இதை ஏன் அனுப்பினாள் என்று அதுவரை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மன்னிப்பாக இருக்கலாம். அப்படியானால் வாயால் கேட்டிருக்கலாம். அவளுக்கு வாய்க்கா பஞ்சம்? அக்கா கூடத்தின் நடுவில் நின்று விரித்தாள், மடக்கினாள். ஐந்தாறு முறை ஆனது. இதில் அவளுக்கு எந்தப் பழைய கணக்கும் இல்லை, நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அப்போது அவள் குடையைத் திருப்பிப் பித்தளை நுனியைத் தன் வயிற்றிலேயே வைத்து அழுத்தினாள்.

"யாருன்னு சொல்லுடி. வாட்ச்மேனா, தோட்டக்காரனா?" என்றாள். பெரியம்மாவின் குரல், அதே அதட்டல். கொஞ்சம் நிறுத்தி, தன் குரலில், "தோட்டக்காரன்" என்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

நான் எழுந்து போய்க் குடையின் நுனியைப் பிடித்து மெதுவாக விலக்கினேன். "இல்லக்கா" என்றேன். "யாரும் இல்ல."

"யாரும் இல்ல" என்றாள் அக்கா.

அன்று கதவோரம் நின்றவள் இதைச் சொல்லியிருந்தால், அக்கா அன்றும் இதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பாள்.