பதினேழாம் எண்ணுக்கு ஓர் அழைப்பு

வெல்மியர் கிராமத்தில் மொத்தம் இருபத்து மூன்று வீடுகளில் டெலிபோன் இருந்தது. யார் யாரிடம் பேச வேண்டுமானாலும் தபால் ஆபீஸின் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் தர்ஸா செட்செல் செருகியைச் செருகி இணைத்தால்தான் உண்டு. யார் கூப்பிட்டாலும் அவள் முன்னால் உள்ள இணைப்புப் பலகையில் அந்த வீட்டு எண்ணின் சிறு மூடி கீழே விழும். இணைத்துவிட்டுக் காதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தற்செயலாக ஏதாவது காதில் விழுந்தாலும் வெளியே மூச்சு விடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

பதினேழாம் எண் அவளுடைய கூடப்பிறந்த தங்கை கெஸியாவின் வீடு. ஊருக்கு மூன்று மைல் தள்ளி, ஆற்றின் வடகரையின் அடியிலேயே இருக்கும் பண்ணை. பதினொரு வருஷமாக அந்த எண்ணை வாரத்துக்கு நாலைந்து தடவையாவது தர்ஸா இணைத்திருப்பாள். "எந்த எண் வேணும்ங்க?" என்பாள் இவள். "நாலு குடுங்க" என்பாள் அவள். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

1947-ஆம் வருஷம் மார்ச் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை. ஏழு வாரமாகக் கிடந்த பனி ஒரே வாரத்தில் உருகி, அதன்மேல் மழையும் பெய்து, முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கூரை ஓடுகளைப் பிடுங்கி எறிகிற காற்றும் அடித்திருந்தது. வயல்மட்டத்துக்கு மேலே ஓடும் ஆறு அது; இரண்டு பக்கமும் கரைகள்தான் காவல். ஊர் ஆண்கள் எல்லாரும், பட்டாளத்து ஆட்களும், இன்னும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படாத ஜெர்மன் கைதிகளும் களிமண் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். தங்கையின் கணவன் ஜெத்ரோவும் தென்கரையில், பம்பு நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

பகல் இரண்டு மணிக்குப் பம்பு நிலையத்திலிருந்து கரை மேஸ்திரி பெர்சி கூப்பிட்டார். நகரத்து வடிகால் அலுவலக இன்ஜினியரைக் கேட்டார். தர்ஸா இணைத்தாள். காற்றில் கம்பி இரைந்தது. குரல் போய்ச் சேருகிறதா என்று பார்க்கத்தான் தன் காதுக்கும் பேச்சு வரும் சாவியைத் திறந்து வைத்தாள். போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகும் அவள் மூடவில்லை.

"ரெண்டு கரையையும் பிடிக்க ஆளு பத்தாது சார்" என்றார் பெர்சி.

"தென்கரையைப் பிடிங்க. பம்பு போச்சுன்னா எல்லாம் போச்சு. வடகரை போறதுன்னா போகட்டும்."

"அங்க வீடுங்க இருக்கு சார்."

"போலீஸ்ல சொல்லி அஞ்சு மணிக்கு எல்லாரையும் கிளப்பச் சொல்றேன். இப்பவே சொன்னா மாடும் வண்டியும் ரோட்டுல நிக்கும், களிமண் லாரி ஒண்ணும் வந்து சேராது. அதுவரைக்கும் தாங்கும் இல்ல?"

"தாங்கும்னு நினைக்கிறேன்" என்றார் பெர்சி.

அந்த 'நினைக்கிறேன்'தான் தர்ஸாவை உட்கார விடவில்லை.

காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். முத்திரைக் கவுண்டருக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டர் பிளெட்ஜர் நின்றிருந்தார். முப்பது வருஷ சர்வீஸ். ஒரு கடிதத்தில் முத்திரை கோணலாக விழுந்தாலும் மனசு கெட்டுப்போகிற மனிதர். அவரிடம் சொன்னாள்.

"நீ அதைக் கேட்டிருக்கவே கூடாதும்மா."

"கேட்டுட்டேன் சார்."

"வெளிய சொன்னா உன் வேலை போயிரும். என்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"வடகரையில இருக்கிற மூணு வீட்டுலயும் டெலிபோன் இருக்கு. நான் கூப்பிடப் போறேன்."

பிளெட்ஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "எனக்கு இப்ப ஒரு டீ குடிக்கணும் போல இருக்கு" என்றார். "அடுப்புல தண்ணி சீக்கிரம் கொதிக்காது. நான் வர்ற வரைக்கும் இங்க என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது." பின்கட்டுக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

முதலில் பன்னிரண்டாம் எண். "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி அந்த வீட்டுக் கிழவர் கிளம்புவதற்காக உடனே வைத்துவிட்டார். அடுத்து ஒன்பது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டது பிறகுதான் தெரிந்தது. பதினேழைக் கடைசியாகத்தான் கூப்பிட்டாள். கரைக்கு மிகப் பக்கத்தில் இருந்த வீடு அதுதான். பயத்தில் தள்ளிப்போட்ட அந்த நாலு நிமிஷத்தை நினைத்து தர்ஸா பிற்பாடு எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"பதினேழு" என்றாள் கெஸியா.

"எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசறேன். நீங்க உடனே வீட்டை விட்டுக் கிளம்பணும். வடகரை நிக்காது."

"காலையில பட்டாளத்துக்காரர் ஒருத்தர் வந்து பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போனாரே."

"அது காலையில."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

கேட்கும்போதே கெஸியாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஒட்டுக் கேட்டீங்களாக்கும். அந்தப் பழக்கமே உங்களுக்குக் கிடையாதே. பைபிள்ல கை வச்சுச் சொன்னீங்களே."

பதினொரு வருஷத்துக்கு முந்தைய கதை அது. மேட்டு நிலத்தில் ஒரு நல்ல பண்ணை குத்தகைக்கு வந்தது. ஜெத்ரோ அதற்குக் கேட்டிருந்தான். விஷயம் அவனுக்கும் நிலத்துக்காரரின் ஏஜென்டுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் பேசியது டெலிபோனில். ஒரே வாரத்தில் வேறொருவர் முந்திக்கொண்டார். ஜெத்ரோவுக்குக் கரையடிப் பள்ளம்தான் மிஞ்சியது. கெஸியா நேராக அக்காவிடம் வந்து, "நீ கேட்டியா? யார்கிட்டயாவது சொன்னியா?" என்றாள். இல்லவே இல்லை என்று பைபிளில் கை வைத்துச் சொன்னாள் தர்ஸா. கெஸியா நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது பலகையில் நாலாம் எண்ணின் மூடி விழுந்தது. கறிக்கடையிலிருந்து யாரோ. தர்ஸா அதைப் பார்த்தபடி சொன்னாள்:

"கேட்டேன் கெஸியா. அன்னிக்கும் கேட்டேன். வெளிய சொன்னதும் நான்தான். பொய் சொல்லிட்டேன். இப்பவும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். என்னைத் திட்டணும்னா நாளைக்குத் திட்டு. இப்ப பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்புடி."

கெஸியாவின் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை.

"வாசல் வாய்க்கால்ல தண்ணி என்ன நிறம்?" என்று கேட்டாள் தர்ஸா.

இந்தக் கேள்வியைக் கெஸியாவுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. கரை வேலைக்காரரின் மகள்கள் இருவரும். கரையின் அடியில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் அது வெறும் கசிவு; பழுப்பாக வந்தால் கரையின் வயிற்று மண் கரைந்து வருகிறது என்று பொருள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அவர்களுக்கு அது தெரியும். மழைக்காலத்துக் காலைகளில் பள்ளிக்கூடத்துக்குப் படகேறும் முன்பு இருவரும் குனிந்து பார்ப்பார்கள். "தெளிவு" என்று ஒருத்தி கத்துவாள். மற்றவள் வீட்டுக்குள் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி திருப்பிக் கத்துவாள்.

"பார்த்துட்டு வரேன்" என்றாள் கெஸியா. ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது; காற்று உள்ளே புகுந்து எதையோ உருட்டியது. பிறகு மிக அருகில் ஒரு சின்னக் குரல்.

"நீங்க யாரு?"

கெஸியாவின் இளைய மகள், ஆறு வயது ரோடாவாக இருக்க வேண்டும். சபையில் ஞாயிறுதோறும் அவளுடைய பின்னலைத் தர்ஸா நாலு பெஞ்சு பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள், பேசியதில்லை.

"நான் உன் பெரியம்மா."

"எங்களுக்குப் பெரியம்மா கிடையாது. அம்மா சொல்லியிருக்காங்க."

"சரி. நான் போஸ்ட் ஆபீஸ்காரம்மா. நீ பூட்ஸ் போட்டிருக்கியா?"

"இல்ல."

"போய்ப் போடு. அக்காவையும் போடச் சொல்லு. கோட்டும் போட்டுக்குங்க."

குழந்தை ஓடும் சத்தம். அதன் பிறகு கெஸியாவின் குரல். மூச்சு வாங்கியது. 'நீங்க' போயிருந்தது.

"நீ சொன்னது நிஜம். பழுப்பாத்தான் இருக்கு. கொப்பளிக்குது."

"ரோடு வழியா வராத. அது கரையோரமாவே வருது. வயல் பாதையில ரயில் மேட்டுக்குப் போ."

"மாமியாரால நடக்க முடியாதே. குதிரையை ஜெத்ரோ கொண்டு போயிட்டாரு."

"கைவண்டி இருக்கா?"

"உருளைக்கிழங்கு வண்டி இருக்கு."

"அதுல உக்கார வை. வேற ஒண்ணையும் எடுக்காத."

"போனை வச்சிடறேன்" என்றாள் கெஸியா. வைத்துவிட்டாள். அப்போது மணி இரண்டு இருபத்தைந்து.

பிளெட்ஜர் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். அந்த வாரத்து ரேஷன் சர்க்கரை முழுவதையும் அவளுடைய கோப்பையிலேயே போட்டிருப்பார் போல, அவ்வளவு இனிப்பு. தர்ஸா கறிக்கடையை இணைத்தாள். டாக்டரை இணைத்தாள். கர்னல் வீட்டு அம்மாள் தன் கோழிகளை மாடிக்கு ஏற்றலாமா என்று யோசனை கேட்டாள். ஏற்றுங்கள் என்று சொல்லி வைத்தாள். ரயில் மேடு அந்தப் பண்ணையிலிருந்து ஒன்றேகால் மைல். தனியாக நடந்தால் இருபது நிமிஷம். பனி உருகிய உழவில், பாரமான மாமியாரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, இரண்டு பெண்களோடு என்றால் எவ்வளவு? ஒவ்வொரு முறை மணியைப் பார்க்கும்போதும் அவர்களைப் பாதையில் ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தாள். இப்போது மதகைத் தாண்டியிருப்பார்கள். இப்போது பீட்ரூட் வயல்.

மூன்று பத்துக்குப் பதினேழாம் எண்ணின் மூடி விழுந்தது.

அவசரத்தில் செருகி முதல் தடவை துளையில் இறங்கவில்லை. "கெஸியா? இன்னும் வீட்டுலயா இருக்க?"

இரைச்சல் மட்டும். பெரிய மரம் ஒன்று ஓயாமல் சாய்ந்துகொண்டே இருப்பது போன்ற இரைச்சல். பிறகு அதுவும் நின்று கம்பி செத்துப்போனது. யாரும் கூப்பிடவில்லை, தண்ணீர் கம்பியைப் பிடித்து இழுத்ததில் மூடி விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நிமிஷத்தில் பெர்சி கூப்பிட்டார். "வடகரை போயிடுச்சு. அறுபது கெஜம். போலீஸைக் குடும்மா, சீக்கிரம்."

இணைத்தாள். ஐந்து மணிக்குச் சொல்லலாம் என்றிருந்த போலீஸ்காரரை மூன்று பன்னிரண்டுக்கு இணைத்தாள்.

நாலரை மணிக்கு ஜெத்ரோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். இடுப்பு வரை களிமண். பதினொரு வருஷத்தில் அவன் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. தபால்தலைகூடப் பக்கத்து ஊரில்தான் வாங்குவான்.

"எங்க அவங்க?"

"ரயில் மேட்டுக்குப் போகச் சொன்னேன் ஜெத்ரோ."

"எப்போ?"

"ரெண்டரை மணிக்கு முந்தி."

"போனாங்களா?"

"தெரியல."

அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னார் பிளெட்ஜர், உட்காரவில்லை. இருபது நிமிஷத்தில் ஆறு மூடிகள் விழுந்தன. ஆறுக்கும் தர்ஸா "எந்த எண் வேணும்ங்க?" என்றாள். ஏழாவது, ரயில்வே கேட் வீடு.

"தர்ஸாம்மா, மேடு வழியா நடந்து இப்பத்தான் நாலு பேரு இங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றார் கேட்காரர். "ஒரு கிழவி உருளைக்கிழங்கு வண்டியில. என் பொஞ்சாதியையே அதட்டிட்டிருக்கா, கஞ்சி ஆறிப்போச்சாம். இவங்க மேட்டுல ஏறிக் கால் மணி நேரத்துல தண்ணி வந்துச்சு. யாருக்குச் சொல்லணும்?"

தர்ஸா காதுக் கருவியைக் கழற்றி ஜெத்ரோவிடம் நீட்டினாள். அதை எப்படி மாட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள்தான் மாட்டிவிட்டாள்.

பண்ணை வீட்டில் மாடி ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. ஐந்து பேரும் தபால் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த தர்ஸாவின் இரண்டு அறைகளில் வந்து தங்கினார்கள். வேறு போக்கிடம் இல்லை. மூன்று நாள் கெஸியா அக்காவிடம் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள், மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"யார்கிட்ட சொன்ன?"

"சபையில, தேநீர் விருந்தன்னிக்கு. ஆர்கன் வாசிக்கிற அம்மாகிட்ட."

"எதுக்கு?"

தர்ஸாவுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பெருமைக்குத்தான். என் தங்கச்சி பெரிய பண்ணைக்குப் போகப் போறான்னு சொன்னேன்."

கெஸியா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை.

மே மாதம் ஒட்டுக்கேட்டதற்காகத் தர்ஸா மேல் தபால் இலாகாவின் விசாரணை வந்தது. பிளெட்ஜர் தான் தேநீர் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார், அது பொய்யில்லை. தர்ஸா நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை. ஒருவரும் சாகவில்லையே என்று மேசைக்குப் பின்னாலிருந்தவர்களில் ஒருவர் தயங்கினார். ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். அந்த வாரக் கடைசியோடு வேலை போயிற்று.

கடைசி நாளில் அவள் அழுதுகொண்டே வந்ததில் தன் மேல்கோட்டை ஆபீஸிலேயே விட்டுவிட்டாள். திரும்பிப் போக மனமில்லை. கெஸியாதான் போனாள். பலகையின் முன்னால் புதிதாக வந்த பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா கோட்டு இங்க இருக்கு" என்றாள் கெஸியா.

பிளெட்ஜர் எடுத்துக் கொடுத்தார். ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார்" என்றாள் அவள். "அவ செஞ்சது தப்புதான். ரெண்டு தடவையும் தப்புதான். அதை நான் சொல்லிக்கலாம். நீங்க யாரும் சொல்லக் கூடாது."

அடுத்த வருஷம் பன்னிரண்டு மைலுக்கு அப்பால், மேட்டு நிலத்தில், ஜெத்ரோவுக்குச் சின்னதாக ஒரு குத்தகை கிடைத்தது. தர்ஸாவும் உடன் போனாள். அங்கே சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். இரவு உணவுக்குக் மாவும் மாட்டுக் கொழுப்பும் கலந்து அவிக்கும் புட்டிங்கை எவ்வளவு நேரம் வேக வைப்பது என்று அக்காளும் தங்கையும் தினம் சண்டை போட்டார்கள். இரண்டு பேருக்கும் குரல் ஏறும்போது ஜெத்ரோ தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவான்.