பிரைமர் அங்கேயே இருக்கும்

பூந்தமல்லியில் என் வீட்டுக்கு இன்னும் தொலைபேசி வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் வந்து, "சார், அம்பத்தூர்லேர்ந்து போன். ஏகாம்பரம் தவறிட்டாராம். மாரடைப்பாம்" என்றார். அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முந்தின நாள்கூட ஆவடிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தியிருக்கிறான். நம் எம்.எஸ்ஸி. வகுப்பிலிருந்து மண்ணூர்பேட்டையில் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் சிலர்தான். வராதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவன் 'ரெட் ஆக்சைடு'. அந்தப் பெயர் வந்த கதையில் பாதியைத்தான் நீங்கள் இத்தனை காலமும் சொல்லிச் சிரித்தீர்கள்.

எண்பதுகளின் நடுவில், நம் துறையில் ஓர் ஆராய்ச்சி இடத்துக்கு நேர்காணல் நடந்தது. ஏகாம்பரத்தின் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அப்பா தொழிற்பேட்டையில் இயந்திரங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். இந்த இடம் கிடைத்தால் ஆராய்ச்சி, இல்லையென்றால் உடனே ஏதாவது வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வாய்ப்பு அவனுக்கு இல்லை.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் டி.என்.ஏ. நகலெடுப்பு எப்படித் தொடங்குகிறது என்று பேராசிரியர் கேட்டார். நகலெடுக்கும் நொதிக்கு வெறும் இடத்தில் ஆரம்பிக்கத் தெரியாது. பற்றிக்கொண்டு நீள முன்னால் ஒரு சிறு துணுக்கு வேண்டும். அதன் பெயர் பிரைமர். இதுவரை சரியாகச் சொன்னான். வேலை முடிந்ததும் பிரைமர் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அது ஆர்.என்.ஏ.வால் ஆனது, பிறகு நீக்கப்படும் என்பதுதான் புத்தகத்தில் இருந்த விடை.

"அங்கேயே இருக்கும் சார். அதைச் சுரண்டிட்டா மேல அடிச்ச பெயின்ட் எப்படி நிக்கும்?"

உள்ளே எழுந்த சிரிப்பு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. அவன் வந்ததும், "என்னடா ஆச்சு?" என்றேன்.

"எங்க நைனா பெயின்ட்டுக்கு அடில அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர சொல்லிக்கினு வந்துட்டேன் மச்சான். வாய் முந்திக்கிச்சு."

முடிவு வெளியாகாத அந்த வாரத்தில்தான் நூலகத்தில் அவன் அந்தக் கட்டுரையைப் பார்த்தான். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை-29 என்ற வைரஸில் தொடக்கத் துணுக்கு ஆர்.என்.ஏ. அல்ல, ஒரு புரதம். நொதி முதல் எழுத்தை அந்தப் புரதத்தின் மேலேயே பொருத்துகிறது. நகல் முடிந்த பிறகும் புரதம் டி.என்.ஏ.வின் முனையை விட்டுப் போவதில்லை.

"மாமே, ஒட்டிக்கினே கீதுடா!" என்று கத்தினான். நூலகர் எங்களை வெளியே அனுப்பினார். "ஒலகத்துல ஒரே ஒரு வைரஸாவது என் கட்சில கீதே" என்று படியெல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

அவனைப் பேராசிரியரிடம் இழுத்துக்கொண்டு போனது நான். அவர் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இது தெரிந்துதான் அன்றைக்கு அப்படிச் சொன்னாயா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நான் அவன் முதுகில் விரலால் குத்தினேன்.

"இல்ல சார். பெயின்ட நெனச்சித்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன, போ."

புத்தக விடையை அப்படியே ஒப்பித்தவனுக்கு அந்த இடம் போனது. தெரியாது என்று உண்மை சொன்னவனை அனுப்பிவிட்டு நடத்துகிற அறிவியல் என்ன அறிவியல் என்று நான் அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏகாம்பரம் ஆவடியில் வேலைக்குச் சேர்ந்தான். மின்சார ரயிலில் எப்போதும் வாசல் பக்கம் நிற்பான். மாணவர்கள் யாராவது ஏறினால் அம்பத்தூர் வரும்வரை அவர்களோடு அரட்டைதான். முதல் வகுப்பில் தன் நேர்காணல் கதையைத் தானே சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, "தப்பா சொல்லு, ஆனா நீயா சொல்லு" என்பானாம்.

பேராசிரியர் ஓய்வுபெற்றபோது நடந்த பாராட்டு விழாவுக்கு நான் போகவில்லை. அவன் போனான். கேள்விப்பட்டு அவன் வீட்டுக்கே சண்டைக்குப் போனேன்.

"மாலை போட்டியாமே?"

"போட்டேன். நல்ல ரோசா மாலை."

"வெக்கமா இல்ல? உனக்குக் கோவமே வராதாடா?"

"வந்துச்சு மச்சான். ஆனா எனக்குப் பொண்ணு கீது, பேப்பர் திருத்தணும், ஊட்டுக்குத் தண்ணி புடிக்கணும். அத எங்க வச்சிக்கிறது? உங்கிட்டதான் எடம் நெறைய கீதே, நீயே வச்சிக்கோ." அவன் மனைவி சமையலறையிலிருந்து சிரித்தது கேட்டது.

இறுதி ஊர்வலத்துக்குப் பேராசிரியர் வந்திருந்தார். "நல்ல பையன். கொஞ்சம் முயன்றிருந்தால் ஆராய்ச்சிக்கு வந்திருப்பான்" என்று சொல்லி என்னிடம் கையை நீட்டினார். ஏகாம்பரமாக இருந்தால் பற்றியிருப்பான். நான் பற்றவில்லை. அவனுடைய பேனாவோ புத்தகமோ எதையும் நான் எடுத்துவரவில்லை. அவனுடைய கோபம் மட்டும் என்னிடம் இருக்கிறது. கேட்டு வாங்க அவன் இனி வரப்போவதில்லை.